ஊர்ப் போர் நினைவுக்கல்லை விரிவாக்கப் போகிறீர்களா? கல்வெட்டுக் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர் முகப்பில் அரசமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் உண்டு. இவ்வூரிலிருந்து 22 பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் 3 பேர் உயிர் நீத்தனர் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்லும் இதே கணக்குதான்: 277 பேர் சென்றனர், 14 பேர் மாண்டனர். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடி மாதத்தில் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். யாருக்காக என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தக் கல்லை ஒட்டி, பிற்காலத்தில் போனவர்களையும் சேர்த்து, பெயர்களோடு ஒரு நினைவுச் சுவர் எழுப்பலாம் என்று ஒரு பொங்கலன்று பேச்சு எழுந்தது. திறப்பு விழா நடந்தபோது அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் முடிந்திருந்தது. இதில் கல் வேலைக்கு ஆனது 23 நாள். மீதி அத்தனையும் காகிதம். நான் பட்டாளத்தில் 17 ஆண்டு எழுத்தராக இருந்தவன். கோப்பு எங்கே தூங்கும், எப்படி எழுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துத்தான் செயலாளர் பொறுப்பை ஏற்றேன். அந்த நினைப்பு நான்கு மாதம் நீடித்தது.

நாங்கள் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்வதற்காக, எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் பெயர்ப் பட்டியல், வசூல் பிறகு

எல்லா ஊரிலும் முதல் வாரமே ரசீதுப் புத்தகம் அச்சாகிவிடும். நாங்களும் அப்படித்தான். பணம் சேரத் தொடங்கியதும் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும், 'எங்கள் சித்தப்பா பெயர் உண்டுதானே?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் ஓய்வு பெற்று வந்து எண்பது வயதில் வீட்டில் காலமானவர். உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம்.

ஆகவே, ஒரு ரூபாய் வாங்கும் முன் யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்க மாட்டோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். எழுத வேண்டிய கேள்விகள் இவை.

போரில் இறந்தவர் மட்டுமா, பணியில் இருந்தபோது எந்தக் காரணத்தால் இறந்தாலும் சேர்ப்பதா? ராணுவம் தன் ஆவணங்களில் 'பேட்டில் கேஷுவால்ட்டி', 'பிசிக்கல் கேஷுவால்ட்டி' என்று இரண்டாகப் பிரிக்கிறது. விபத்து, நோய், தற்கொலை எல்லாம் இரண்டாவதில் வரும். அந்தப் பிரிவு ஓய்வூதியக் கணக்குக்குத் தேவைப்படலாம். ஊர்க் கல்லில் அதைக் கொண்டுவந்தால், விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் வழியில் ரயில் விபத்தில் மகனை இழந்த தாயிடம் 'உங்கள் மகன் இரண்டாம் வகை' என்று நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். நாங்கள் பிரிக்கவில்லை.

எல்லைக் காவல் படை, சி.ஆர்.பி.எப். போன்ற துணை ராணுவப் படைகளில் இறந்தவர்களைச் சேர்ப்பதா? சேருங்கள் என்பது என் கருத்து. எங்கள் ஊரில் இதற்கு இரண்டு கூட்டம் ஆனது.

இங்கே பிறந்து வெளியூரில் குடியேறியவர், வெளியூரில் பிறந்து இங்கே மாப்பிள்ளையாக வந்தவர் என்றால் எந்த ஊர்க் கணக்கு? 'சேரும்போது கொடுத்த வீட்டு முகவரி எந்த ஊரோ அந்த ஊர்' என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். அந்த முகவரி ராணுவ ஆவணத்தில் இருக்கும். யாரும் மறுக்க முடியாது.

1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இறந்தவர்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒரு பெரியவர் எழுந்து, அந்தப் போரைக் கல்லில் ஏற்றக் கூடாது என்றார். இன்னொருவர், போரை ஏற்றவில்லை, நம் பிள்ளையைத்தான் ஏற்றுகிறோம் என்றார். கடைசியில் கல் முழுவதும் யாருக்கும் போரின் பெயரோ நடவடிக்கையின் பெயரோ போடாமல் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த இடம், ஆண்டு என்று மட்டும் வெட்டினோம். 'யாழ்ப்பாணம், 1987' என்ற இரண்டு சொல்லோடு சரி. இந்த வடிவத்தை எல்லா ஊருக்கும் சிபாரிசு செய்கிறேன். சச்சரவும் குறையும், எழுத்துக் கூலியும் குறையும்.

2. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறை

தடித்த காகித உறை ஒன்று. மேலே பெயர், ராணுவ எண். உள்ளே போக வேண்டியவை:

இறப்பை உறுதி செய்யும் ஏதாவது ஓர் ஆவணம். யூனிட்டிலிருந்து வந்த கடிதம், தந்தி, குடும்ப ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, எதுவானாலும் சரி. குடும்ப ஓய்வூதிய ஆணையில் ராணுவ எண், பதவி, பிரிவு மூன்றும் இருக்கும்; அது ஒன்று கிடைத்தாலே பெரும்பாலும் போதும்.

குடும்பத்தின் ஒப்புதல் கடிதம். பெயரைக் கல்லில் எப்படி எழுத வேண்டும் என்பதைத் தமிழில் அவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். ராணுவ ஆவணத்தில் இருக்கும் பெயர் வேறு, ஊரில் கூப்பிட்ட பெயர் வேறு. பழைய ஆவணங்களில் பெயரோடு சாதிப் பட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கல்லில் யாருக்கும் பட்டம் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. உறையில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் மூன்று வீட்டில் பேசிப் புரியவைக்க வேண்டியிருந்தது. கல்லில் ஏறிய பிறகு அந்தப் பேச்சைப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பதக்கம் இருந்தால் அதன் விளிம்பின் புகைப்படம். பதக்கத்தின் முகத்தை எல்லோரும் படம் எடுத்து அனுப்புவார்கள்; அதில் ராஜா தலையோ சிங்கமோதான் இருக்கும். எண்ணும் பெயரும் பொறித்திருப்பது விளிம்பில். ஒரு பாட்டி வீட்டில் பரணிலிருந்து தகர டிரங்குப் பெட்டியை இறக்கினோம். வெள்ளிப் பதக்கத்தைப் பஞ்ச காலத்தில் உருக்கிவிட்டார்களாம். வெண்கலப் பதக்கம் ஒன்று, திருநீற்றுக் கிண்ணத்துக்கு அடியில் கிண்ணம் ஆடாமல் இருக்கத் தாங்கலாகக் கிடந்தது. விளிம்பில் எலுமிச்சம்பழமோ புளியோ தேய்க்காதீர்கள். மாவு தூவித் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியும்.

ஆவணம் எதுவுமே இல்லாத குடும்பங்களுக்கு, படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். எங்கள் பகுதியில் அதிகம் பேர் சேர்ந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவுக்கு ஜபல்பூர், இ.எம்.இ. என்ற மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. எந்தப் பிரிவு என்றே தெரியவில்லையா? வேலூர் ராணுவ கேன்டீன் வரிசையில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். அந்த வயதுக்காரர் யாராவது, 'அவரா, எங்கள் பேட்ச்தானே' என்பார். எங்களுக்கு நான்கு பேருடைய பிரிவு அப்படித்தான் தெரிய வந்தது.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று. ஊர்க்குழு தலைப்புக் கடிதத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரும் 30 நாளும் செலவாகி, 'மூன்றாம் நபரின் சொந்தத் தகவல்' என்று மறுத்துப் பதில் வரக்கூடும். எங்களுக்கு முதல் மூன்று மனுவும் அப்படித் திரும்பின. பிறகு வாரிசே கையெழுத்திட்டு, உறவுக்கான சான்று இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம். பதில் வந்தது. மிகப் பழைய ஆவணங்களுக்கு, 'காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டன' என்று ஒரு வரி வரும். அந்தக் கடிதத்தையும் உறையில் வையுங்கள். தேடினோம் என்பதற்கு அதுதான் சான்று.

சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களை டில்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அங்கே பெயர் இல்லை என்றால் அவர் பணியில் இறக்கவில்லை என்று பொருள் ஆகாது. நடவடிக்கைகளில் இறந்தவர்களின் பட்டியல் அது. உங்கள் பட்டியல் அதைவிட அகலமானது.

3. உலகப் போர்க்காரர்களைத் தேடுவது

இது தனிக் கலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். முதல் போருக்கு 4.8.1914 முதல் 31.8.1921 வரையும், இரண்டாம் போருக்கு 3.9.1939 முதல் 31.12.1947 வரையும் இறந்தவர்கள் அதில் வருவார்கள். போர் முடிந்த பிறகு நோயில் இறந்தவரும் இருக்கக்கூடும் என்பதால் இந்தத் தேதிகளை மனத்தில் வையுங்கள்.

பெயரைப் போட்டுத் தேடினால் கண் பூத்துவிடும். முனுசாமி என்ற பெயரை மட்டும் ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் 'வட ஆற்காடு' (வேலூர் அன்று இருந்த மாவட்டம்) என்று ஆங்கிலத்தில் கொடுத்து, இந்திய ராணுவம் என்று வடிகட்டுங்கள். பல பதிவுகளில் 'இன்னார் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு' என்று இருக்கும். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சித்தூர் மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது 1911இல். உங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்தப் பக்கமும் ஓர் ஊர் இருந்தால் தாலுகாவைப் பார்க்காமல் பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவர்களில் பலருக்குக் கல்லறை கிடையாது. பாஸ்ரா, ரங்கூன், சிங்கப்பூர் என்று ஏதாவது ஒரு நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். பதிவை அச்செடுத்துக் குடும்பத்திடம் கொடுங்கள். நாங்கள் கொடுத்தபோது கொள்ளுப் பேரன் ஒருவர், 'பெயர் சரி, அப்பா பெயரும் சரி, ஆனால் நாங்கள் இவர் பர்மாவில் இருக்கிறார் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம்' என்றார்.

பழைய கல் சொன்ன மூவரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே பெயர். மற்ற இருவருக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தோம். பிறகு, 'பெயர் அறியப்படாத இருவர்' என்று வெட்டினோம். ஊகத்தில் பெயர் போடச் சொல்லி வற்புறுத்தல் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. நிலம்: கல் எந்த நிலத்தில் நிற்கிறது?

'நூறு வருடமாக இங்கேதான் நிற்கிறது' என்பது ஆவணம் ஆகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) நகலும், புல வரைபடமும் வாங்கிச் சர்வே எண்ணைப் பாருங்கள். வகைப்பாடு என்ன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நத்தமோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) ஊராட்சிப் பயன்பாட்டுப் புறம்போக்கோ என்றால் வழி உண்டு. ஏரிக்கரை, ஓடை, குளம் என்று நீர்நிலை வகைப்பாடு இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

சாலைப் புறம்போக்கு என்றால் இன்னும் கவனம். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ வேறு கட்டுமானமோ எழுப்ப மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.1.2013 அன்று உத்தரவிட்டிருக்கிறது. பழைய நினைவுக்கற்கள் ஊர் முகப்பில்தான் நடப்பட்டன. ஊர் முகப்பு என்றால் சாலை ஓரம். எங்கள் கல்லும் அப்படித்தான். எங்கள் முதல் வரைபடத்தில் புதிய மேடை சாலைப் பக்கமாக நான்கடி நீண்டிருந்தது. அந்த வரைபடத்தோடு ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனு நான்கு மாதம் கிடந்து, பிறகு காணாமலும் போனது. கிடைத்திருந்தாலும் நிராகரித்திருப்பார்கள்.

நில அளவர் வந்து அளந்த பிறகுதான் தெளிவு பிறந்தது. அரசமரத்துக்குப் பின்னால், பழைய ஊராட்சிக் கிணற்றை மூடிய இடம் ஒன்றேகால் சென்ட், நத்தம் வகைப்பாட்டில் இருந்தது. பழைய கல்லை அங்குலம்கூட நகர்த்தவில்லை. புதிய சுவர் அதற்குப் பின்னால் 14 அடி தள்ளி நிற்கிறது. விரிவாக்கம் என்றால் பழைய கல்லோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே கல் தளம் போட்டால் கண் தானாகவே சேர்த்துக்கொள்ளும். சர்வே வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மூடிய கிணற்று மேல் கட்டுவதாக இருந்தால் அடித்தளத்துக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சிலை வேண்டும் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். துப்பாக்கியோடு நிற்கும் ஜவான் சிலை, அல்லது பழைய டாங்கி. சிலைக்கான அனுமதி கலெக்டர் வழியாக அரசு வரை போக வேண்டிய சமாசாரம். பெயர்ச் சுவரோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் முடங்கும். டாங்கி கேட்டவரிடம், 'அதை யார் துடைப்பது?' என்று கேட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

5. கிராம சபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் ஒன்று முதல் மூன்றரை மாதம் வரை போயிற்று. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் அதற்கு மேலும் போகும்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே போய் எழுதினால் 'போர் நினைவுச் சின்னம் கட்ட' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். 'ஏற்கெனவே உள்ள நினைவுக்கல்லைப் பாதுகாத்து, அதன் விரிவாக்கமாகப் பெயர்ச் சுவர் அமைக்க' என்று இருக்க வேண்டும். சர்வே எண், பரப்பு, சிலை இல்லை என்ற உறுதி, பராமரிப்பு யார் பொறுப்பு, பெயர்ப் பட்டியல் இணைப்பு, இவை ஐந்தும் உள்ளே இருக்கட்டும்.

வருகைக் கையெழுத்தை எண்ணுங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு முதல் முறை 100க்கு 91. மே 1, வெயில். அடுத்த முறை ஆகஸ்ட் 15 அன்று இறந்தவர்களின் வீட்டுப் பெண்களே தெருத் தெருவாகப் போய் அழைத்தார்கள். 160 பேர் வந்தார்கள்.

தீர்மான நகலோடு கலெக்டருக்கு ஒரு மனு. வேலூர் கலெக்டர் அலுவலகம் உள்ள சத்துவாச்சாரியில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள். நகலை ஒன்றிய அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் கொடுங்கள். உங்கள் ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்திலோ திருப்பத்தூர் மாவட்டத்திலோ இருந்தால் அந்தந்தக் கலெக்டர் அலுவலகம்தான். ஆனால் 2019க்கு முந்தைய கோப்பு வேண்டுமென்றால் வேலூரிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

6. பணம்

எம்.பி. நிதியை எதிர்பார்க்காதீர்கள். நினைவுச் சின்னங்களுக்கு அதில் இடமில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். முழுவதும் ஊர்ப் பணத்திலேயே செய்தோம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். பெரிய தொகை, நீண்ட பராமரிப்பு என்றால் பதிவு செய்வது நல்லது. எதுவானாலும் வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து கட்டாயம். அந்த இருவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம்.

எங்களுக்கு ஆன செலவு, தோராயமாக: அடித்தளம், மேடை, தளம் 1,65,000 ரூபாய். கறுப்புக் கிரானைட் பலகைகள் மூன்று, வண்டி வாடகை உட்பட 34,000. எழுத்து வெட்ட 31,000. கொடிக்கம்பம் 28,000. சாய்தளமும் கைப்பிடியும் 40,000. திறப்பு விழாப் பந்தல், மைக், சாப்பாடு 62,000. கடைசித் தொகையை எந்தக் குழுவும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. கைப்பிடியை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். வரப்போகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டிய விதவைகள்.

7. கல்லும் எழுத்தும்

பழைய கல்லைத் தொடாதீர்கள் என்பதுதான் இதில் முதல் வேலை. ஆசிட் கூடாது, பெயின்ட் கூடாது, டைல்ஸ் ஒட்டக் கூடாது. தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். எங்கள் கல்லில் எத்தனையோ வருடச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. ஈரத் துணி சுற்றி ஊறவைத்து மூங்கில் குச்சியால் எடுத்தோம். ஆறு நாள் ஆனது. மஞ்சள் குங்குமத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கல்லின் அடிப்பீடத்தில் மட்டும் வைக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

புதிய பலகைக்கு லேசர் கீறல் வேண்டாம். பளபளப்பாக இருக்கும், வேலூர் வெயிலில் எதிர்ப்பக்கம் நின்று படிக்க முடியாது. ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். தங்க வண்ணம் உதிர்ந்தாலும் எழுத்து நிற்க வேண்டும்.

கூலி எழுத்துக் கணக்கில் பேசுவார்கள். 'கோ' என்பது ஓர் எழுத்தா, கொம்பும் காலும் சேர்த்து மூன்றா? முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பில் வந்த அன்று கடைக்காரரும் நானும் தொல்காப்பியம் அளவுக்குப் போய் வந்தோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து எழுத்துரு. நீங்கள் செல்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பும் பட்டியலைக் கடைக்காரர் தம் பழைய மென்பொருளுக்கு மாற்றுவார். மாற்றத்தில் கொம்புகள் இடம் மாறும், சில வடவெழுத்துகள் காணாமல் போகும். எங்கள் மாதிரியில் கோவிந்தனின் இரட்டைக்கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவியிருந்தது. ராஜேந்திரனில் ஜகரம் நின்ற இடம் வெறும் கட்டமாக இருந்தது. ஆகவே கல்லில் கை வைக்கும் முன், முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து வாங்குங்கள். அதை ஊராட்சிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திட வேண்டும். பத்து நாள் ஒட்டியிருந்தோம். ஏழு திருத்தம் வந்தது. ஒரு திருத்தம் பள்ளிக்கூடம் போகும் சிறுமி சொன்னது: தாத்தாவின் முன்னெழுத்து 'சி', அச்சில் 'ச'.

வரிசை இறந்த தேதிப்படி. பதவிப்படி வைத்தால் சுபேதார் மேலேயும் சிப்பாய் கீழேயும் வருவார்கள். தெருப்படி வைத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

தலைப்பில் 'தியாகிகள்' என்று போட வேண்டாம்; அது விடுதலைப் போராட்டக்காரர்களைக் குறிக்கும் அரசு வழக்கு. 'நாட்டுப் பணியில் உயிர் நீத்த எங்கள் ஊரார்' என்று போட்டோம். நான்முகச் சிங்கச் சின்னத்தைக் கல்வெட்டுக் கடைக்காரர் அழகுக்காக இலவசமாகவே செதுக்கித் தருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அரசுச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

8. காலி இடம்

வரைபடத்தில் மூன்றாவது பலகையின் கீழ்ப்பாதியைப் பெயரின்றி விட்டிருந்தேன். பிற்பாடு தெரியவரும் பெயர்களுக்காக. எழுத்தர் புத்தி. காகித மாதிரியைச் சுவரில் ஒட்டிய அன்று ஓர் அம்மா வந்து பார்த்தார். இரண்டு மகன்களும் பணியில் இருக்கிறார்கள், ஒருவன் லடாக்கில். அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, 'இது யாருக்குத் தம்பி?' என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் வரைபடத்தை மாற்றினோம். முன்பக்கப் பலகைகளில் எழுத்து அளவைக் கூட்டி முழுதும் நிரப்பினோம். கூடுதல் பெயர்களுக்கு, சுவரின் பின்பக்கம் மெருகிடாத ஒரு பலகையைப் பதித்துவிட்டோம். பார்க்கிறவருக்கு அது வெறும் சுவர்தான். கூடுதல் செலவு 6,500 ரூபாய். இதை முதலிலேயே செய்யுங்கள்.

9. திறப்பு

தேதிக்கு ஜனவரி 15 ராணுவ தினம் என்று ஒருவர் சொல்வார். அது பொங்கலோடு மோதும். ஜூலை 10 அன்று வேலூரில் மக்கான் சந்திப்பு சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணில் அரசு அஞ்சலி நடக்கும். அதிகாரிகள் யாரும் வர மாட்டார்கள். டிசம்பர் 7 கொடி நாளில் கலெக்டர் அலுவலகத்திலேயே வேலை இருக்கும், மழையும் இருக்கலாம். நாங்கள் ஒரு பிப்ரவரி ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். விடுப்பில் வரும் பையன்களுக்கு இரண்டு மாதம் முன்பே தேதி தெரிய வேண்டும். ரயில் டிக்கெட் அவர்களுக்கு அப்போதுதான் கிடைக்கும்.

விருந்தினர்கள், நன்கொடையாளர்கள் பெயர் நினைவுச் சுவரில் ஏறக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே போட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பலகை வையுங்கள். திறந்துவைத்தவர் பெயர் பெரிதாகவும் இறந்தவர் பெயர் சிறிதாகவும் உள்ள கல்வெட்டுகளை நம் மாவட்டத்தில் போதுமான அளவு பார்த்தாயிற்று. எங்கள் சுவரை மூடியிருந்த துணியை விலக்கியது, டிரங்குப் பெட்டிப் பாட்டி.

10. அதன் பிறகு

உறைகளை மூன்று பிரதி எடுத்து ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், குழுச் செயலாளர் வீடு என்று பிரித்து வையுங்கள். விளக்கை ஊராட்சித் தெருவிளக்கு இணைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தனி மின் இணைப்பு வாங்கினால் மூன்றாம் வருடம் யார் கட்டணம் கட்டுவது என்று சண்டை வரும். வண்ணம் உதிர்ந்தால் கடைக்காரரே ஆண்டுக்கு ஒருமுறை வந்து பூசித் தர ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

திறப்பு விழாப் புகைப்படம் செல்பேசிகளில் சுற்றிய பத்தாம் நாள் குடியாத்தத்திலிருந்து ஒருவர் அழைத்தார். அவருடைய பாட்டனாரின் ஊர் எங்கள் ஊர்தானாம். பதக்கத்தின் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்திருக்கிறது, பெயர் தெளிவாக இருக்கிறது. உறை ஒன்று போட்டு, பேரனிடம் கையெழுத்து வாங்கி, பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.